காற்று மாறும் தீவு

ராமேஸ்வரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி, தீவின் நுனியான அரிச்சல்முனைக்குப் போகும் ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, மணலிலும் தேங்கிய உப்புத் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்களை விட்டால் வேறு வழி கிடையாது. இப்போது காரில் உட்கார்ந்தபடியே இரண்டு கடல்களையும் பார்க்கலாம். இடது கைப் பக்கம் பாக் விரிகுடா, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் இருக்கும் மணல் சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலம்தான்.

ஆடி மாதத்தில் போனால், வலப்பக்கம் அலை எழுந்து எழுந்து கரையை அறைந்துகொண்டிருக்கும். காற்றில் உப்புத் துளி பறந்து கண்ணாடியில் படியும். சாலையைக் கடந்து இடப்பக்கம் இறங்கினால் முழங்கால் அளவுத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அடி மணலில் நண்டு ஓடுவது தெரியும். இங்குள்ள மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் இதைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஆனால் கார்த்திகை, மார்கழியில் இதே இடத்துக்கு வந்து நின்றால் கணக்கு தலைகீழாகிவிடும். வடக்குக் கடல் கலங்கிக் குமுறும், தெற்குக் கடல் அடங்கிவிடும். ராமேஸ்வரம் தீவைப் பற்றி எதைப் புரிந்துகொள்ள வேண்டுமானாலும், இந்த அரையாண்டு மாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே மக்கள் வந்து பார்க்கும் ஒவ்வொன்றும், மணல்முனை, கிணறு, பவளம், பூநாரை எல்லாமே, காற்றின் கைவேலை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே தன் ஈரத்தைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு வருவதால், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அது பெரிதாக மழை தருவதில்லை. வறண்ட, வலுத்த காற்றாக வந்து சேர்கிறது. இதுதான் கச்சான் காலம். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கி வாய் திறந்திருக்கிறது. ஆழமும் அதிகம், தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். எங்கோ தொலைவில் கிளம்பிய அலை தடையில்லாமல் ஓடிவந்து தீவின் தென்கரையில் மோதும். வடகரைக்கோ தீவே மறைப்பு.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வாடைக்காற்று பாக் நீரிணை வழியாக நுழைந்து வடகரையில் அடிக்கும். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். அதனால் இங்கே அலை ஓங்கி எழாது. குட்டை குட்டையாக, நெருக்கமாக வந்து அடிச் சேற்றைக் கிளறிவிடும். தீவுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. பாம்பன் பகுதியில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் காற்றைப் பார்த்துப் படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது உண்டு. எந்தக் கடலில் எப்போது இறங்கலாம் என்பது அவர்களுக்கு வானிலை அறிக்கைக்கு முன்பே தெரிந்துவிடும்.

காற்று திரும்பும்போது நீரோட்டமும் திரும்புகிறது. வாடையில் வங்கக் கடலின் தண்ணீர் பாம்பன் கால்வாய் வழியாகவும் ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளுக்கு இடையிலும் தெற்கே பாய்கிறது. கச்சானில் மன்னார் வளைகுடாவின் தண்ணீர் வடக்கே வருகிறது. போகும்போதும் வரும்போதும் மணலைத் தூக்கிச் செல்கிறது. அரிச்சல்முனையின் நுனி ஒரே வடிவத்தில் நிற்காததற்குக் காரணம் இதுதான். ஒரு பருவத்தில் வளைந்து வடக்கே நீளும், அடுத்த பருவத்தில் தேய்ந்து வேறு பக்கம் திரும்பும். முனையில் நின்று பார்த்தால் இரு பக்கத்து அலைகளும் சாய்கோணத்தில் வந்து ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்வது தெரியும். அழகான காட்சிதான். ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாத இடம் அது. கரை சட்டென்று சரிகிறது, நுனியைச் சுற்றி ஓடும் நீரோட்டம் நின்ற காலை இழுக்கிறது. எச்சரிக்கைப் பலகையை யாரும் அலங்காரத்துக்காக வைக்கவில்லை.

முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாகக் கிடப்பவை ஆதம் பாலம் என்றும் ராமர் பாலம் என்றும் சொல்லப்படும் திட்டுகள். பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்கூட இருக்காது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அன்றைக்குப் பாக் விரிகுடாவே கிடையாது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். பனி உருகி, கடல் ஏறி வந்து இந்தத் தாழ்நிலத்தை மூழ்கடித்தது. கடல்மட்டம் எப்போதும் ஏறுமுகமாகவே இருந்ததும் இல்லை. தீவின் வடகரையில், அலை எட்டாத உயரத்தில், வளர்ந்த நிலையிலேயே கல்லாகிப்போன பவளத் திட்டு ஒன்று இருக்கிறது. டேவிட் ஸ்டோடார்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளரும், மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பவள அறிஞர் கோபிநாத பிள்ளையும் இதை ஆராய்ந்து 1972-ல் எழுதினார்கள். அதன் வயது சுமார் 4,000 ஆண்டுகள். பவளம் நீருக்கு வெளியே வளராது. ஆகவே அன்றைக்குக் கடல் அந்த உயரத்தில் நின்றிருக்க வேண்டும், அல்லது நிலம் பிறகு சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

அரிச்சல்முனைச் சாலையில் இருக்கும் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பவளத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். சுவரின் காரை உதிர்ந்த இடத்தில் கல்லின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். சில கற்களில் ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்துளைகள் நெருக்கமாக இருக்கும். வேறு சிலவற்றில் விரல்நகம் அகலத்துக்குக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி மெல்லிய தகடுகள் இறங்கும். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரின் வீடு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து அந்தச் சிறு உயிர் கட்டிக்கொண்டதை வெட்டி எடுத்து, மனிதர்கள் கோயிலும் ரயில் நிலையமும் வீடும் கட்டினார்கள். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் இதே கல்தான் பல காலம் போனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகே அந்த வேலை நின்றது. இன்றும் நினைவுக்கென்று சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்த்து எடுத்துப் போகிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள், அந்தச் சுவர்களில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அது ஏன் அவ்வளவு கொடியதாக இருந்தது என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. 1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வழுத்தம், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கிலேயே புயலாகச் சுழலத் தொடங்கியது. அவ்வளவு தெற்கே புயல் உருவாவது அரிது. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்துவிடும். 22-ஆம் தேதி அது வட இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. ஆழமான கடலில் புயல்காற்று மேல்தண்ணீரைத் தள்ளினால், அடியில் தண்ணீர் திரும்பி ஓடிச் சமன் செய்துகொள்ளும். ஆழமில்லாத கடலில் அதற்கு இடமே இல்லை. தாம்பாளத்தில் நிற்கும் தண்ணீரை ஒரு பக்கமாக ஊதினால் எதிர் விளிம்பைத் தாண்டி வழிவது போலத்தான். அன்றிரவு தனுஷ்கோடியில் கடல் சுமார் 7 மீட்டர் எழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. தீவில் அந்த உயரத்துக்கு மேல் நிற்கும் நிலம் மிகக் குறைவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதன்பிறகு அரசு அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில இன்னும் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. மீன் இருக்கும் இடத்தில்தானே அவர்கள் இருக்க முடியும்?

நாற்பது ஆண்டு கழித்து 2004-ல் ஆழிப்பேரலை வந்தபோது இதே தீவு பெரிய சேதமில்லாமல் தப்பியது. கிழக்கேயிருந்து வந்த அலையை இலங்கை மறித்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கடற்கரையின் இயல்பு பிடிபடும். எந்தத் திசையிலிருந்து, எந்தக் காற்றோடு வருகிறது என்பதை வைத்துத்தான் இங்கே ஆபத்தைக் கணக்கிட முடியும்.

உயிருள்ள பவளத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் குருசடைத் தீவு இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு இப்போது நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்திருக்கும். காற்றடிக்கும் மாதங்களில் கலங்கல்தான் தெரியும்.

பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதனுடையது அல்ல. அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் உரமும் தருகிறது. கோடையில் கடல்நீர் வழக்கமான சூட்டைவிட ஒன்றிரண்டு பாகை ஏறி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. கச்சான் நேரத்துக்கு எழுந்து, கடலைக் கலக்கிச் சூட்டை இறக்கினால் பாசி திரும்ப வந்து பிழைத்துக்கொள்ளும். காற்று தாமதித்தால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. கடல் சூடேறிக்கொண்டே போகும் காலத்தில், இந்தத் திட்டுகளுக்கு மிச்சமிருக்கும் துணைகளில் ஆடிக்காற்றும் ஒன்று.

குருசடைக்கு இன்னொரு புகழும் உண்டு. இந்தியாவில் விலங்கியல் படித்த எவரும் பாடப்புத்தகத்தில் சந்தித்திருக்கும் பலனோகிளாசஸ் வகைப் புழு அங்கே மணலுக்குள் வாழ்கிறது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. மஞ்சள் கலந்த, கைபட்டால் அறுந்துபோகும் அளவுக்கு மென்மையான உடல். முன்னால் கூம்பு போன்ற ஒரு துதிக்கை, அடுத்து ஒரு கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடற்பகுதி. மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சுருள் சுருளாக மேலே தள்ளிவிடும். கடல் வற்றிய நேரத்தில் அந்த மணல் சுருளை வைத்துத்தான் புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அதன் தொண்டையின் இருபுறமும் செவுள் பிளவுகள் இருக்கின்றன. முதுகெலும்புள்ள பிராணிகளின் கருவிலும் இத்தகைய பிளவின் தடம் தோன்றுகிறது. மண்புழுவைவிட நமக்கு நெருங்கிய உறவு இந்தப் புழு. தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் இந்தப் பகுதிக்கு அழைத்து வந்ததற்கு இது ஒரு காரணம்.

இதே ஆழம் குறைந்த கடலில்தான் சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகைக்கு ஒரு பெயர். அகர் எனப்படும் கூழ்மப்பொருள் முதலிரண்டிலிருந்தும் கிடைக்கிறது. கட்டக்கோரையிலிருந்து கிடைப்பது வேறு, அல்ஜினேட். கண்ணில் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காமல் சுற்றிய துணி, அவ்வளவுதான் சாதனம். மூச்சை அடக்கி மூழ்கி, பாறையோடு ஒட்டிய வேர்ப்பிடியை விட்டுவிட்டு மேலே உள்ளதைப் பறிக்க வேண்டும். பிடியையும் பெயர்த்துவிட்டால் அடுத்த முறை அங்கே ஒன்றும் இருக்காது. பூங்கா எல்லை வகுக்கப்பட்ட பிறகு, தங்கள் தாயும் பாட்டியும் எடுத்த இடத்திலேயே அவர்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டார்கள். கடலின் அடியை ஆண்டு முழுக்கக் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பாதுகாப்புத் திட்டம் எதுவானாலும் அவர்களிடம் கேட்டுத் தொடங்குவதே முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

தை, மாசியில் வருகிறவர்கள் கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் கொஞ்சம் நிற்கலாம். வாடை மழையில் நிரம்பிய உப்பங்கழிகள் அப்போது வற்றத் தொடங்கியிருக்கும். வற்ற வற்ற நுண்பாசியும் சிற்றிறால்களும் ஒரே இடத்தில் செறிந்துவிடும். அதைத் தேடிப் பூநாரைகள் இறங்குகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கை ஏற்றி இறக்கித் தண்ணீரை வடிகட்டித் தின்கின்றன. இறகின் சிவப்பு, தின்னும் பாசியிலிருந்தும் இறாலிலிருந்தும் வருகிற நிறமிதான். 2025-ல் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சாலையிலிருந்து பார்ப்பதே போதும். கிட்டே நடந்துபோனால் கூட்டம் மொத்தமாக எழுந்துவிடும். ஒவ்வொரு தடவை எழும்போதும் தின்று சேர்த்த வலு வீணாகிறது.

மணல்மேட்டில் ராவணன் மீசைப் புல்லும் அடம்புக் கொடியும் படர்ந்திருக்கும். வண்டியை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். காற்றில் ஓடும் மணலைப் பிடித்து மேடாக்குவது அந்த இரண்டு செடிகள்தான். மேடு போனால் கடலுக்கும் கழிக்கும் நடுவே தடுப்பு இல்லை.

அந்த மேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தனுஷ்கோடிக் குடிசைகளின் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெண்கள் மணலில் கையால் குழி பறித்துக் குடிதண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று அடியில் தண்ணீர் ஊறி வரும். ஒரு கிண்ணத்தால் மெதுவாக மொண்டு, குடத்தின் வாயில் கட்டிய துணியில் ஊற்றுவார்கள். குடித்துப் பார்த்தால் உப்பு இருக்காது. இரண்டு பக்கமும் கடல், கீழேயும் கடல்நீர். நடுவில் நல்ல தண்ணீர் எப்படி?

மழைத் தண்ணீர் கடல்நீரைவிட லேசானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால், கடல்நீர் அதைவிடச் சுமார் 25 கிராம் கூடுதல். மேட்டு மணலுக்குள் இறங்கிய மழை, அங்கே ஏற்கெனவே நிற்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. மணல் துகள்களுக்கு இடையில் தண்ணீர் தாராளமாக அலைய முடியாததால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நெதர்லாந்தின் பேடன் கைபெனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாவது தொடங்கும் காலத்தில் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 பங்கு நிற்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் 40 சாண் ஏறி வரும்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடுகிறவர்கள், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லையே, ஒன்றின் சுவை போல் இன்னொன்று இல்லையே என்று வியக்கிறார்கள். வியப்பு நியாயமானது. அந்தத் தண்ணீரும் மணல் பிடித்து வைத்த மழையால்தான் நிரம்புகிறது. ஆழமும் மண்ணின் தன்மையும் ஊற்று வரும் பாதையும் கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் மாறினாலே சுவை மாறிவிடும். பக்தியோடு வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்கிறவர், போன வாடையில் இந்தத் தீவின்மேல் பெய்த மழையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

இத்தனை பேர் வருகிற ஊருக்கு இந்த மழை மட்டும் போதாது. காவிரித் தண்ணீர் குழாய் வழியாக ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 2009 முதல் வருகிறது. வராத நாளில், விடுதிகளின் மோட்டார்கள் மணலுக்குள் இருப்பதைத்தான் உறிஞ்சும். மழையும் முன்போல் நிதானமாகப் பெய்வதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தெருக்களில் வெள்ளம் நின்றது. மணலில் விழுந்திருந்தால் அதில் ஒரு பகுதியாவது கீழே இறங்கியிருக்கும். சிமென்ட் தளத்தில் விழுந்த மழைக்குக் கடலை விட்டால் போக்கிடம் இல்லை. கூரைத் தண்ணீரை மணலுக்குள் இறக்குவது, கழிவுநீரை அதே மணலில் கலக்கவிடாமல் காப்பது, ஊருணிகளைத் தூர்க்காமல் வைத்திருப்பது: இந்த ஊருக்கு வேண்டிய வேலைகள் இவை. ஆழ்துளைக் கிணறு இங்கே ஆகாது. அது நேராக உப்பைத் தொட்டுவிடும். ஆழமில்லாத, அகலமான கிணறு மேலே மிதக்கும் நல்ல தண்ணீரை மட்டும் மெதுவாக வழித்தெடுக்கும். இரவில் இறைப்பு நின்றதும் ஊறி நிரம்பிக்கொள்ளும். தீவின் பழைய கிணறுகளை வெட்டியவர்கள் கயிறும் வாளியும் எட்டும் ஆழத்தோடுதான் நிறுத்திக்கொண்டார்கள்.